பத்துப் பேர் வந்தால் போதும்

கொல்கத்தாவில் நான் ஓடிய ஓட்டங்களிலேயே வேகமான ஓட்டம், ஒரு கீர்த்தனையைக் கேட்டு ஓடியதுதான்.

அப்போது நாங்கள் இங்கே வந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. கணவருக்குத் துறைமுக அலுவலகத்துக்கு மாற்றல். எனக்கு, சென்னையில் பார்த்த அதே ஐ.டி. வேலை, செக்டர் ஃபைவில் இருக்கும் கிளையில். லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வீடு கிடைத்தது. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா. தெருவே அவரை மாஷிமா, அதாவது பெரியம்மா, என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இரண்டு பேருக்குமே சரியாக வராத இந்தியில் மணிக்கணக்காகப் பேசுவோம். எங்கள் ஊர்ப் பக்கம் சர்ச் என்று சொல்லமாட்டோம், கோயில் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் எனக்கு வாரம் முடிந்த மாதிரியே இருக்காது என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. புரிந்ததும் மறுநாளே விசாரித்து வந்து சொன்னார். கரியாஹாட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளி சர்ச் இருக்கிறது, காலையில் அவர்கள் ஆராதனை, சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் ஆட்கள் வந்து பாடுவார்கள்.

உங்கள் ஆட்கள்! அந்த ஞாயிறு கணவருக்கு வேலை இருந்தது, தனியாகக் கிளம்பினேன். கரியாஹாட் நடைபாதையில் சேலைக்கும் செருப்புக்கும் காது வளையத்துக்கும் நடுவே இடித்துப் பிடித்துக்கொண்டு போய், இரண்டு சந்து தவறாக நுழைந்து, திரும்பி, அழுகை வருகிற நிலையில் நின்றபோதுதான் அது கேட்டது. ஆர்மோனியம். அதற்கு மேல் தமிழ். எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகைக்குப் பாடுகிற கீர்த்தனை, அதே இழுப்போடு. ஓட ஆரம்பித்தேன். சர்ச் வாசலில் இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியேறினேன்.

உள்ளே நாற்பது பேர் இருப்பார்கள். துறைமுகம், ரயில்வே, ராணுவம் என்று மாற்றலாகி வந்த குடும்பங்கள், சில நர்சுகள், செக்டர் ஃபைவ் பையன்கள் ஒரு வரிசை. முடிந்ததும் தேநீரும் சிங்காராவும் கொடுத்தார்கள். சமோசாவுக்கு இங்கே அதுதான் பெயர்.

"எந்த ஊரு நீங்க?" என்றார் ஒருவர்.

"நாசரேத் பக்கம்."

"அடடே, எங்க அத்தை வீடு மூக்குப்பீறி!"

எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து, கணவர் சட்டையைக் கூட மாற்றவிடாமல், "நமக்கு இங்க ஒரு குடும்பமே கிடைச்சிட்டு!" என்று கத்தினேன்.

அவர் எதற்கும் பதறாத மனிதர். "நாற்பது பேரும் உன் பேரைக் கேட்டாங்களா?" என்றார்.

"எல்லாரும் எப்படிக் கேப்பாங்க? மூணு பேர் கேட்டாங்க."

"அப்ப மூணு பேர் கெடைச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது.

என் மனதில் ஊர்க் கோயில் இருந்தது. அப்பாவுக்குக் கால் முறிந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் அடுப்பு பற்றவைக்கவில்லை. முறை போட்டுச் சோறு வந்தது. முற்றத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். சபை என்றால் அதுதான் என்று நான் வளர்ந்தேன். அந்தச் சபையில் எல்லாரும் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் குடியிருந்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. இங்கே ஒருவர் பாரக்பூரில், ஒருவர் பெஹாலாவில், இன்னொருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நான் அதையெல்லாம் யோசிக்காமல் முழுவதுமாக இறங்கினேன். பாடகர் குழுவில் ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல், பாடினேன். குழந்தைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுத்தேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வசனம் போட்டேன். பத்து மாதம் அப்படி ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் திருவிழாதான்.

அடுத்த துர்கா பூஜைக்குத் தெருவில் பந்தல் மூங்கில் கட்ட ஆரம்பித்த சமயம் எனக்கு டெங்கு வந்தது. கணவர் இரண்டு வாரப் பயிற்சிக்கு விசாகப்பட்டினம் போயிருந்தார். பயிற்சி முடியாமல் வரக்கூடாது என்று நான்தான் தடுத்தேன். "இங்க சபையே இருக்கு, நீங்க எதுக்கு?" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாஷிமா ரிக்‌ஷா பிடித்து என்னை ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார். படுக்கையில் இருந்தபடி குழுவில் போட்டேன்: டெங்கு, ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிட்டன, ஜெபித்துக்கொள்ளுங்கள். நர்சிங் ஹோம் இருக்கும் தெருவையும் அறை எண்ணையும் சேர்த்தே போட்டேன்.

பதிலாகக் கூப்பிய கை எமோஜிகள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பத்து. அடுத்த நாள் எண்ணினேன், முப்பத்தெட்டு.

பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. நான் மூன்றரைக்கே தலைவாரி, பொட்டு மாதிரி முகத்தில் பூத்திருந்த சிவப்புத் தடிப்புகளுக்குப் பவுடர் போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அடுத்த கட்டிலுக்கு ஆட்கள் கூட்டமாக வருவார்கள். எனக்கு மாஷிமா வருவார். உப்பும் மிளகும் போட்டு அவித்த பப்பாளிக்காயோடு, ஐந்து நாளும், தவறாமல். "உன் சர்ச் ஆட்கள்?" என்று முதல் நாள் கேட்டார். இரண்டாம் நாள் கேட்டார். மூன்றாம் நாள் அவர் கேட்பதை நிறுத்தியதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

வீடு திரும்பியபின் மூன்று ஞாயிறு போகவில்லை. ஒருவரும் ஏன் வரவில்லை என்று போன் செய்யவில்லை. அந்த மூன்று வாரமும் நான் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன். குளிக்கும்போது, மெட்ரோவில், பாத்திரம் கழுவும்போது. அவர்கள் என்ன சாக்குச் சொல்வார்கள் என்று நானே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலையும் யோசித்து வைத்தேன். கணவர் திரும்பி வந்திருந்தார். "பேசு, பேசணும்னா பேசிரு. ஆனா நானும் வாறேன்" என்றார்.

நான்காவது ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் கையில் தேநீரோடு நின்றபோது, பாஸ்டர் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கீங்கம்மா, உடம்பு தேவலையா?" என்றார். அவ்வளவுதான்.

"முப்பத்தெட்டு கும்பிடு வந்துச்சு பாஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "ஒரு ஆள் வரலை. அஞ்சு நாள் வாசலப் பாத்துட்டுக் கிடந்தேன். எங்க வீட்டுக்காரம்மா, சர்ச் வாசலே மிதிக்காதவங்க, அவங்க வந்தாங்க. நீங்க பிரசங்கத்துல சபை ஒரே உடம்பு, நாம எல்லாம் அங்கம்ங்கிறீங்க. ஒரு அங்கத்துக்கு நோவு வந்தா மத்த அங்கமெல்லாம் கும்பிடு போட்டுட்டுப் போயிரும், அப்படித்தான?"

பாஸ்டர் திருச்சிக்காரர். இந்தச் சபையையும் கரக்பூரில் ஒரு சபையையும் சேர்த்துப் பார்ப்பவர், வாரத்தில் பாதி ரயிலில் இருப்பவர். அதைத்தான் சொல்வார் என்று காத்திருந்தேன். பதில் தயாராக இருந்தது.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வந்திருக்கணும். நான் வரலை. சனிக்கிழமை வரலாம்னு நெனச்சேன், அப்புறம் மறந்தே போச்சு. மன்னிச்சுக்கோங்கம்மா."

மூன்று வாரம் தயார் செய்ததில் இது மட்டும் இல்லை. அந்த நேரத்தில், தேநீர்க் கெட்டிலைப் பிடித்திருந்த பெண் பேசினாள். பத்து மாதமாக எனக்குத் தேநீர் ஊற்றிய கை. பின் பெஞ்சில் உட்காருவாள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய" என்றாள். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருந்தது, அதுகூட அன்றுதான் தெரிந்தது. "போன ஜனவரில எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. பதினாறு நாள் படுத்த படுக்கை. குரூப்புல போட்டிருந்தாங்க. நீங்களும் வரல்ல."

"எனக்குத் தெரியாதே..." என்றேன்.

"தெரியும்க்கா. கும்பிடு போட்டிருந்திய." அவள் குரலில் குத்தலே இல்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாள். "குத்தம் சொல்லல்ல. பாட்டு பிராக்டிஸ் இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டா?"

திரும்பும் வழியில் ஆட்டோவில் கணவரின் முழங்கை என்மேல் இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து போனை எடுத்து, குழுவில் மேலே மேலே தள்ளிக்கொண்டு ஜனவரிக்குப் போனேன். இருந்தது. "நம் சபைச் சகோதரிக்கு அறுவை சிகிச்சை", அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள், அதில் ஏழாவது என்னுடையது. விடாமல் தேடினேன். செக்டர் ஃபைவ் பையன் ஒருவனுக்கு ஊரில் அப்பா தவறிப்போனதற்கு ஒரு கும்பிடு. அவன் என் அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில் வேலை பார்த்தான்! ஒரு நர்சின் குழந்தைக்கு மஞ்சள் காமாலை, ஒரு கும்பிடு. பத்து மாதத்தில் மொத்தம் ஒன்பது கும்பிடு போட்டிருந்தேன். ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை.

வெட்கத்தில் முகம் சுட்டது. அதோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சிரிப்பும் வந்தது. சிரிக்கச் சிரிக்க மனதில் மூன்று வாரமாக இருந்த கல் இறங்கியது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னைக் கைவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களும் என்னைப் போலவே ஏதோ ஒரு ரயிலில் தொங்கிக்கொண்டு, ஒரு கையால் கும்பிடு போட்டுவிட்டு, இறங்கும் இடம் வந்ததும் மறந்துபோனவர்கள். என்னைவிட மோசமும் இல்லை, என்னைவிட மேலும் இல்லை. நான் அவர்களிடம் கேட்டது நானே கொடுக்காத ஒன்று.

மறுநாள் மதிய இடைவேளையில் தேநீர்க்காரியின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். "உங்க வீடு எங்க இருக்கு?"

"சாந்த்ராகாச்சி. எதுக்குக்கா?"

"சனிக்கிழமை வாறேன்."

"நெசமாவா?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமைப் பயணம் எனக்குச் சுற்றுலா மாதிரி இருந்தது. கரியாஹாட்டில் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டுக்கு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணோடு போட்டி போட்டு ஜெயித்து, பெரிய பாலத்தில் ஹூக்ளியைத் தாண்டினேன். ஒரு வருஷமாக ஆற்றைத் தாண்டி நான் போனதே இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ், யார்டை ஒட்டியது. அவள் கணவர் அங்கேதான் வேலை. வாசலில் நின்றே காத்திருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். நான் வருவதாகத் தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள்!

"எங்க வீட்டுக்குச் சர்ச்சுல இருந்து வந்த மொத ஆளு நீங்கதான்" என்றாள்.

"நீ யார் வீட்டுக்காவது போயிருக்கியா?" என்று கேட்டேன். எப்போது 'நீ' ஆனாள் என்று தெரியவில்லை.

யோசித்தாள். "இல்ல" என்றாள். "ஒரு வீட்டுக்கும் போனதில்ல!" இருவரும் சிரித்த சிரிப்பில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

யார்டில் வண்டிப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, பிறகு விட்ட இடத்தில் தொடர்ந்தோம். அவள் ஊர் எங்கள் ஊரிலிருந்து ஏழு மைல். இரண்டு ஊரிலும் வருஷத்துக்கு ஒரு முறை கோயிலில் அசனம் நடக்கும். சபை முழுவதும் கூடிச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. பாயில் மலையாகக் கொட்டிய சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. பேசப் பேச எனக்குப் பொறி தட்டியது.

"இங்க ஒரு அசனம் வைப்போம்!" என்று எழுந்தே நின்றுவிட்டேன். "மொத்தச் சபையும் சேர்ந்து!"

"மொத்தச் சபையும் சாப்பிடும்" என்றாள். "வேலைக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு நெனைக்கிய?"

"எல்லாரும்தான்."

"பத்துப் பேர் வந்தா போதும்க்கா. பத்து வந்தா ஜமாய்ச்சிரலாம். நாப்பது வரும்னு நெனச்சிட்டுப் போனா, பத்து பேர் வந்து நிக்கதே கண்ணுக்குத் தெரியாது."

"பந்தயம்!" என்றேன். தோற்றவர் அண்டா கழுவ வேண்டும்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு குறித்தோம். பாஸ்டர் உடனே சரி என்றார், வங்காளி சர்ச்சில் வளாகத்துக்கு அனுமதியும் வாங்கித் தந்தார். நான் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனேன். காலை ஏழு மணிக்கு வேலைக்கு வருகிறேன் என்று இருபத்துமூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். தாளை என் தோழியிடம் கொண்டுபோய் ஆட்டினேன். "பத்து" என்றாள் மறுபடியும்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பனி பஞ்சு மாதிரி நின்றது. பந்தல் சாமான் வாடகைக்குத் தரும் டெக்கரேட்டர் கடையிலிருந்து அண்டாக்களும் பெரிய அடுப்புகளும் வந்து இறங்கியிருந்தன. நான், கணவர், தோழி, அவள் கணவர், சும்மா பார்க்க வந்ததாகச் சொன்ன மாஷிமா. அவ்வளவுதான். ஏழே காலுக்குக் கேட் திறந்தது. வந்தவர் எங்கள் பாடகர் குழுவின் கொயர் மாஸ்டர். நான் பயந்தே போனேன். ஒரு வருஷமாக என் ஆல்டோவைக் குறைசொன்ன சென்னைக்காரர், தாளில் பெயரே கொடுக்காதவர். கையில் துணி சுற்றிய ஒரு கத்தி.

"இன்னா பாக்குறீங்க? வெங்காயம் எங்க?" என்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். டூட்டி முடிந்து நேராக வந்த ஒரு நர்ஸ். செக்டர் ஃபைவ் பையன்கள் இரண்டு பேர், கொட்டாவியோடு. பெஹாலாவிலிருந்து ஒரு தம்பதி. ஒன்பதரைக்குப் பாஸ்டர் மூச்சிரைக்க வந்தார், தேங்காய் துருவ உட்காரவைத்தோம். எண்ணினேன், பன்னிரண்டு. தாளில் பெயர் இருந்தவர்கள் அதில் ஐந்தே பேர். சபையில் ஒற்றுமையைப் பற்றி எப்போதும் பேசுகிற ஒரு பெரியவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர், வரவில்லை, குழுவில் ஒரு கும்பிடு போட்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு முன்பென்றால் நான் அன்று முழுவதும் அவரையே நினைத்துக்கொண்டிருப்பேன். அன்று போனைப் பையில் போட்டுவிட்டு மசாலா வறுக்கப் போனேன்.

"பன்னெண்டு! பத்துக்கு மேல ரெண்டு!" என்று தோழியிடம் கத்தினேன்.

"மாஷிமா கணக்குல வராதுல்ல? சபை அங்கம் இல்லியே?" என்றார் கொயர் மாஸ்டர்.

"வெங்காயம் உரிச்சாங்களா இல்லியா?" என்றாள் தோழி. "அப்ப வரும். ஆனா இருபத்திமூணு இல்லியே. அண்டா உங்களுக்குத்தான்க்கா."

கறி கொதிக்க ஆரம்பித்ததும்தான் உண்மையான வேடிக்கை. சர்ச்சுக்குள் வங்காளிகளின் காலை ஆராதனை முடிந்தது. வெளியே வந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். தேங்காயும் மல்லியும் வறுபட்ட வாசனை வளாகம் முழுவதும். அவர்கள் செயலாளர், சால்வை போர்த்திய பெரியவர், அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். என் தோழி சரளமான வங்காளத்தில், கரண்டியை ஆட்டி ஆட்டி, ஏதோ சொன்னாள். படியில் நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்ன சொன்ன?"

"சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன்."

"யாரை?"

"எல்லாரையும்தான்."

நாங்கள் அறுபது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தோம். படியில் இன்னொரு அறுபது பேர் நின்றார்கள். "பத்துப் பேருக்கு மேல எதிர்பாக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன!"

"வேலைக்குத்தான்க்கா. சாப்பிட வாறதுக்கு ஆள் இருக்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. கொயர் மாஸ்டர் இரண்டு பையன்களையும் இழுத்துக்கொண்டு கரியாஹாட் மார்க்கெட்டுக்கு ஓடினார், அரிசி மூட்டையும் வாழையிலைக் கட்டுமாக ஆட்டோவில் தொங்கிக்கொண்டு திரும்பினார். சாம்பாரை என் கணவர் தண்ணீர் ஊற்றி நீட்டினார், மெட்ராஸ் சாம்பார் கொல்கத்தா சாம்பார் ஆயிற்று. வங்காளிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேலையைச் செருகிக்கொண்டு வந்து, எங்கள் கூடையிலிருந்த கத்தரிக்காயை எல்லாம் யாரையும் கேட்காமல் எடுத்து, வட்டம் வட்டமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, கடுகெண்ணெயில் பொரிக்க ஆரம்பித்தார்கள். நான் கத்தரிக்காயைக் கூட்டு வைக்க வாங்கியிருந்தேன். ஒரு நொடி தடுக்க வாயெடுத்தேன். பிறகு, பொரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. பாஸ்டர் இரண்டு வரியில் ஜெபித்தார், அவருக்கும் பசி. பாயில் சோறு ஆவி பறக்கக் குவிந்திருந்தது. இலையில் ஆட்டுக்கறிக் குழம்பு, அதன் பக்கத்திலேயே பொரித்த கத்தரிக்காய். செயலாளர் முதல் வாயிலேயே கண்ணில் நீர் முட்ட, "ஜால்! ஜால்!" என்றார், காரம் காரம் என்று. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தாருண்!", அதாவது பிரமாதம், என்று இன்னும் குழம்பு கேட்டார். நம் சபை ஆட்கள் நாற்பது பேரும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சிலர் கை கழுவி நேராகக் கேட்டுக்குப் போனார்கள். சிலர் இலை எடுத்தார்கள். காலையில் வராத ஒரு குடும்பம் நாலு மணி வரை நின்று பெருக்கியது. யார் எதைச் செய்வார்கள் என்று நான் நினைத்ததில் பாதிகூடச் சரியாக இல்லை.

அண்டா நான்தான் கழுவினேன். அண்டாவுக்குள் பாதி உடம்போடு நான் குனிந்திருந்தபோது, மாஷிமா வெளியே நின்று தட்டித் தட்டி, அடிப்பக்கம் கரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் சபை மாறிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். ஞாயிறு நாலு மணி, கீர்த்தனை, தேநீர், சிங்காரா, எல்லாம் முன்பு போலத்தான். மாறியது இவ்வளவு: யாருக்காவது உடம்பு சரியில்லை என்று குழுவில் வந்தால், நானும் தோழியும் போனில் பேசி, யாருக்கு அந்தப் பக்கம் பஸ் இருக்கிறது என்று பார்த்து, ஒருவர் போகிறோம். எதிர்க் கட்டடத்துப் பையனும் சேர்ந்துகொண்டான். அவனோடு முதல் முறை மதியச் சாப்பாடு சாப்பிட்டபோது, அவன் அப்பாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, நானும் உங்க டெங்குவுக்குக் கும்பிடுதான் போட்டேன்" என்றான். சில வாரம் எங்கள் மூவருக்குமே முடியாது. அப்போது யாரும் போவதில்லை.

மார்ச் மாதம் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் படியில் வழுக்கி எனக்குக் கணுக்கால் பிசகியது. இந்த முறை நான் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. தோழி தினமும் போனில் கூப்பிட்டாள், அவள் பிள்ளைக்குப் பரீட்சை, வர முடியவில்லை. இரண்டாம் நாள் மாலை மணி அடித்தது. மாஷிமா கதவைத் திறந்துவிட்டார். ஒரு பை ஆரஞ்சோடு கொயர் மாஸ்டர். உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்து அவரே சாப்பிட்டுவிட்டு, "கால்தானே போச்சு, தொண்டை நல்லாத்தானே இருக்கு? ஈஸ்டருக்கு ஆல்டோ பாடுங்க" என்றார். அரை மணி நேரம் நான் ஸ்ருதி இறங்கும் இடங்களை எல்லாம் வரிசையாகப் பாடிக் காட்டிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாஸ்டர் ஒன்பதாம் நாள் வந்தார், நான் நடந்துபோய்க் கதவைத் திறந்தேன். "லேட்டாயிடுச்சா?" என்றார். இருவரும் சிரித்தோம். காபி குடித்து, ஜெபித்துவிட்டு, கரக்பூர் வண்டியைப் பிடிக்க ஓடினார்.

போன ஞாயிறு வங்காளி சர்ச் செயலாளர் எங்கள் ஆராதனை முடியும்வரை வெளியே காத்திருந்தார். அடுத்த அசனம் எப்போது என்று கேட்டார். அவர்கள் சபையில் நூறு பேர் வருவார்களாம், ஆனால் ஒரு நிபந்தனை, மீன் வேண்டும். ஹில்சா கிடைக்காத மாதமாக இருந்தால் ரோகுவாவது வேண்டும். சமைக்க ஆள் தருகிறேன் என்றார்.

"எத்தனை பேர் தருவீங்க?" என்று நான் என் வங்காளத்தில் கேட்டேன்.

அவர் நெஞ்சில் கைவைத்து, "முப்பது!" என்றார்.

என் தோழி தேநீர்க் கெட்டிலுக்குப் பின்னால் நின்று, அவருக்குத் தெரியாமல், ஒரு கையின் ஐந்து விரலை மட்டும் விரித்துக் காட்டினாள். சனிக்கிழமை மீனைப் பற்றிப் பேச சாந்த்ராகாச்சிக்குப் போகிறேன். ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்குத் தகுந்த மாதிரி அடுப்பு சொல்ல வேண்டும்.